இலண்டன் எவ்வளவு தூரம்?

கோலாலம்பூரிலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால், நாம் உடனே கிலோமீட்டரைச் சொல்வோம். வீட்டில் துக்கம் நேர்ந்த நாளில் அந்தப் பதில் உதவாது. இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில் ஈப்போவில் என் பாட்டி காலமானார். மூத்த பேரனான என் அண்ணன் அப்போது இலண்டனில் இருந்தார். "உங்க அண்ணன் எத்தனை மணிக்கு வருவான்? சொன்னால்தான் எடுக்கிற நேரத்தை முடிவு பண்ணலாம்" என்று மாமா என்னிடம் கேட்டார்.

"சனிக்கிழமை காலை 11 மணிக்கு அங்கே விமானம் ஏறுகிறார். 13 மணி நேரப் பயணம். நள்ளிரவில் இறங்கிவிடுவார்" என்றேன். ஞாயிறு காலை 10 மணிக்குச் சடங்கு என முடிவானது.

நான் சொன்ன நள்ளிரவு இலண்டனின் நள்ளிரவு! டிசம்பரில் மலேசியா 8 மணி நேரம் முந்தியிருக்கிறது. விமானம் இறங்கியது நம் நேரப்படி ஞாயிறு காலை 8 மணிக்கு. இரவில் அவரைக் காணாதபோதுதான் தவறு புரிந்தது. மின்சுடலையில் பதிவான நேரத்தை அதற்குமேல் மாற்ற முடியவில்லை. குடிநுழைவுச் சோதனை, நெடுஞ்சாலை எல்லாம் கடந்து அண்ணன் வீடு வந்தபோது மணி 12-ஐத் தாண்டிவிட்டது. நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் இல்லாமலே பாட்டி போய்விட்டார்.

சரி, பயண நேரம் எப்படி அமைகிறது? பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூல் பிடித்து அளந்தால் சுமார் 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரம்கூட ஆகக் கூடாது. ஆனால் இன்று இலண்டன் செல்ல ஏறக்குறைய 14 மணி நேரமும், திரும்பி வர ஏறக்குறைய 13 மணி நேரமும் பிடிக்கின்றன.

முதல் காரணம் பாதை. அந்த நூல் வங்காள விரிகுடா, வட இந்தியா, ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா, உக்ரேன் வழியாகச் செல்லும். 2014 ஜூலை 17-இல் எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டதை நாம் மறக்க முடியுமா? 2022 பிப்ரவரியில் போர் மூண்டது முதல் உக்ரேன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போகின்றன.

இரண்டாவது காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது அது விமானத்தை எதிர்க்கிறது. வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. பூமி சுற்றுவதால் ஊர் தானாக விலகிப் போகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகின்றன.

ஆகவே, இலண்டனிலிருந்து ஒருவர் வருகிறாரா? புறப்படும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டுங்கள். அதோடு 8 மணி நேரத்தைச் சேருங்கள். மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை 7 மணி நேரம் போதும். பிறகு விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் நேரத்தையும் சேருங்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: "நம் ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு வாசலில் வந்து நிற்பாய்?" அன்று நான் அண்ணனிடம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.