செவிலியர் உரிமத் தேர்வு எதைச் சோதிக்கிறது?

தமிழ்நாட்டில் நர்சிங் முடித்தவருக்கு உரிமத்துக்கென்று தனித் தேர்வு கிடையாது. பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ தேறியவர், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்துவது அரசுப் பணிக்கான போட்டித் தேர்வு. அமெரிக்கா செல்ல விரும்புவோர் எழுதும் 'என்கிளெக்ஸ்' உரிமத் தேர்வு வேறு ரகம். கல்லூரித் தேர்வு "தீக்காயத்தின் வகைகளை விவரி" என்று கேட்கும். என்கிளெக்ஸோ, யாரை முதலில் கவனிப்பது என்று கேட்கும்.

சிவகாசி வட்டாரத்துக்குப் பழகிப்போன ஒரு சூழலை அந்தப் பாணியில் வைத்துப் பார்க்கலாம். பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சிக்கிய மூவர் ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஒருவர் கை வெந்து அலறுகிறார். இன்னொருவருக்குக் கால் எலும்பு முறிவு. மூன்றாமவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். குரல் கம்மியிருக்கிறது, மூக்கு முடி கருகியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியவர் இவர்தான். சூடான புகை உள்ளே போயிருந்தால் தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைபடலாம். அலறுபவருக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கும் உண்டு. 50 கிலோ எடையுள்ளவருக்கு மார்பு, வயிறு, இரு கைகள் முழுக்க வெந்தால், அது உடல் பரப்பில் 36 சதவீதம். தீக்காயம் பட்டவருக்கு ஏற்ற வேண்டிய திரவ அளவைச் சொல்லும் பார்க்லாண்ட் சூத்திரப்படி 4 × 50 × 36. அதாவது 24 மணி நேரத்துக்கு 7,200 மி.லி. ரிங்கர் லாக்டேட். பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து ஓடுகிறது. டிரிப் தொடங்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால், மிஞ்சிய ஆறு மணி நேரத்துக்கு 3,600, அதாவது மணிக்கு 600 மி.லி. எத்தனை பேர் இங்கே 450 என்று எழுதிவிடுவார்களோ! அளவைத் தீர்மானிப்பவர் மருத்துவர். ஆனால் சிறுநீர் குறைகிறதா என்று மணிக்கு மணி பார்த்துச் சொல்ல வேண்டியவர் செவிலியர்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் கேள்வியாக வரும். நிலை சீராக உள்ளவரின் காய்ச்சல், நாடித்துடிப்பைக் குறிக்க உதவியாளரை அனுப்பலாம். புதிதாக வந்தவரின் முதல் பரிசோதனையை ஒப்படைக்கக் கூடாது.

2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸில், நோயாளியின் குறிப்பேட்டைக் காட்டி அடுத்தடுத்து முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளும் சேர்ந்துள்ளன. ஐந்து மணி நேரத்துக்குள் 85 முதல் 150 கேள்விகள். சரியாகச் சொன்னால் கணினி அடுத்ததைக் கடினமாக்கும். தேறுவாரா மாட்டாரா என்பது 95 சதவீதம் உறுதியானதும் நின்றுவிடும். மதிப்பெண் கிடையாது.

ஊசி குத்தும் கைப்பழக்கம் இதில் வராது. பிரிட்டன் அதற்கென்று தனியாக 'ஆஸ்கி' செய்முறைத் தேர்வு வைத்திருக்கிறது. இங்கே கல்லூரிச் செய்முறைத் தேர்வோடு அது முடிந்துவிடுகிறது.