கீர்த்தி மண்டபத்திற்கு உரியவர் யாவர்?

கணிப்பொறியில் நடைபெறும் பாவனைக் கால்பந்துப் போட்டிகள் இக்காலத்து மாணவர் பலர்க்குப் பெரும் பொழுதுபோக்காய் அமைந்துள்ளன. தாம்பரம், பெரும்பாக்கம் பக்கங்களிலிருந்து வரும் இளைஞர் இருவர் பேருந்திலே ஓர் ஆட்டக்காரனின் பெருமையைக் குறித்து வழக்காடுவதைக் கேட்கும் அயலார், அவன் உலகில் பிறந்தவனே அல்லன் என அறியின் வியப்புறுவர். அவன் வெறும் எண்களால் ஆயவன்.

வேகம், வலிமை, பந்தைக் கடத்தும் திறன் ஆகிய ஒவ்வொன்றிற்கும் இத்தனை புள்ளி என வகுத்து, அவற்றோடு தற்செயலையும் சிறிது கலந்து, கணிப்பொறி ஆட்டத்தின் முடிவைக் கூறுகின்றது. ஓராண்டுப் பந்தயங்கள் ஒரு மாலைப் பொழுதிலேயே முடிந்துவிடக் கூடும். ஆட்டக்காரர்க்கு வயது ஏறும், புள்ளி குறையும், முடிவில் ஓய்வும் பெறுவர். பின்னர், அணிகளை நடத்தும் நண்பர்கள் கூடி, அவருள் எவரைக் கீர்த்தி மண்டபத்தில் ஏற்றுவதென வாக்களிப்பர். கலகம் இங்கேதான் பிறக்கின்றது.

மூன்று பருவம் மின்னி மறைந்தவன் சிறந்தவனா, பன்னிரண்டு பருவம் சலியாது உழைத்தவன் சிறந்தவனா? இது பழைய வினா. இதனினும் சிக்கலானது மற்றொன்று. ஆட்டத்தை இயக்கும் நிரலைத் திருத்தினால் சில பருவங்களில் கோல்கள் மலிந்துவிடும், சிலவற்றில் அருகிவிடும். ஆகவே முற்காலத்து முப்பது கோலும் பிற்காலத்து முப்பது கோலும் ஒன்றாகா. ஒருவனை அவன் பருவத்தில் அவனிடத்தில் ஆடிய பிறரோடு ஒப்பிட்டு நோக்குவதே நேர்மை என்பது எமது கருத்து. கோல் எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் மண்டபம் முழுவதையும் முன்னணி வீரராலேயே நிரப்பிவிடுவர். பின்காப்பாளர் வாயிலிலேயே நிற்க நேரிடும்.

மெய்யான ஆட்டங்களிலும் இத்தொல்லை உண்டு. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் மண்டபத்திற்கு 1936-ஆம் ஆண்டில் முதல் தேர்தல் நடந்தது. நூற்றுக்கு 75 வாக்குப் பெற்றோரே தேறுவர் என்பது விதி; ஐவர் தேறினர். பந்தெறிவதில் 511 வெற்றிகளைத் தம் பெயரில் கொண்ட ஸை யங் என்பார் அவ்வைவருள் இலர்! பழங்கால ஆட்டக்காரர்க்கு ஒரு சீட்டும் பிற்காலத்தார்க்கு வேறொரு சீட்டும் வழங்கப்பட்டிருந்தன. இரு காலத்திலும் ஆடியவராதலின் அவருக்குரிய வாக்குகள் இரண்டிற்கும் பிரிந்துபோயின. மறு ஆண்டு, 1937-இல், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். யார் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை முன்னரே தெளிவாக்காததன் விளைவு இது. நண்பர்கள் பெயர்களை முன்மொழியுமுன் விதிகளை எழுதிக்கொள்ளுதல் நலம். தம் அணியின் வீரனைக் கண்ட பிறகு விதி வகுப்போர், அவனுக்கேற்றவாறே அதனை வளைத்துவிடுவர். நட்பும் அதனால் கெடும்.

நம் நாட்டுப் பீட்டர் தங்கராஜை இங்கே நினைத்துப் பார்க்கலாம். முன்னணியில் ஆடத் தொடங்கிப் பின்பு கோல் காக்கும் இடத்தை மேற்கொண்ட இவர், 1956-இல் மெல்பர்னிலும் 1960-இல் ரோமாபுரியிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய அணியைச் சேர்ந்திருந்தார். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-க்கு 1 என வென்று ஆசியத் தங்கப் பதக்கம் பெற்ற அணியிலும் இவர் இருந்தார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். பாவனை ஆட்டத்தில் ஒருவன் தடுத்த பந்து ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறியிருக்கும்; ஆயினும் அதனைக் கண்ணாரக் கண்டவர் ஒருவரும் இலர். தங்கராஜின் ஆட்டத்தைக் கண்டவர் பல்லாயிரவர். ஆனால் அவர் தடுத்த பந்துகளுக்கு அத்தகைய கணக்கேடு இல்லை. எண்களை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்குமோ என்பது ஐயமே. ஆதலின், மண்டபம் அமைக்க எண்ணும் நம் மாணவர், கோல் காப்போர்க்கும் பின்காப்போர்க்கும் தனித்தனிச் சீட்டு வகுத்து, பின்னரே வாக்குப் பெட்டியைத் திறப்பாராக.