படலையைத் திறந்து வருபவர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் இருந்தான். நாள்தோறும் பிந்தியே வருவான். வந்ததும் மேசைமீது தலை சாய்த்து உறங்கிவிடுவான். நாம் கண்டித்தோம், வகுப்பிற்கு வெளியே நிறுத்தினோம். மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே பெற்றோரை அழைத்துவருமாறு பணித்தோம்.

“அம்மா குவைத்திலை, சேர்” என்றான்.

தந்தையோ மாலையிற் கடலுக்குச் சென்றால் மறுநாட் காலை எட்டு மணிக்கே கரை திரும்புபவர். இரவு முழுவதும் நான்கு வயதுத் தங்கையைக் காத்து, விடிந்ததும் அவளுக்கு உணவூட்டி, தகப்பனார் வந்த பின்னரே அப்பிள்ளை பாடசாலைக்கு ஓடி வந்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “ஒருத்தரும் கேக்கேல்லை, சேர்” என்றான்.

அப்பிள்ளைகளைப் புறக்கணித்தவர் யார்? குடும்பத்தின் பசிக்காகக் கடல் கடந்த தாயா? அலையோடு போராடிய தந்தையா? அந்தப் பட்டியலில் எமது பெயரையும் சேர்த்தே எண்ண வேண்டியதாயிற்று.

சிறுவர் துஷ்பிரயோகம் என்றவுடன் பத்திரிகைகளில் வரும் கொடுஞ்செயல்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் முறையிடலாம். இவை வேண்டியனவே. ஆயினும் முறைப்பாடு எழுகின்ற வேளையிற் பெரும்பாலும் பிள்ளை அடிபட்டாயிற்று. அதற்கு முன்னரே தடுக்க வழியில்லையா?

இதனைச் செய்து பார்த்த ஊர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா என்னும் வறிய பிரதேசம், சிறுவர் துன்புறுத்தலில் அம்மாநிலத்திலேயே முன்னின்றது. டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் இளமையிலே பால்ரிமோர் நகரின் சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றிற் பணியாற்றியவர். அங்கு வந்த சில குழந்தைகள், வருவதற்கு முன்னரே உடலும் உள்ளமும் நொந்திருக்கக் கண்டார். ஆகவே 1977இல் எல்மைராவிலே, முதற் பிள்ளையைச் சுமந்திருந்த 400 பெண்களைத் தம் ஆய்விற் சேர்த்தார். திருவுளச்சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினரின் வீடுகளுக்குக் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை தாதியரை அனுப்பினார்.

அத்தாதியர் வேவுபார்க்கச் சென்றவரல்லர். குழந்தை ஏன் அழுகிறது, அழுதால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தனர். பாட்டியையும் தோழியையும் உதவிக்கு இழுத்தனர். படிப்பை விட்டவளை மீண்டும் படிக்கத் தூண்டினர். பதினைந்து ஆண்டுகளின் பின் கணக்கெடுத்தபோது, அவ்வீடுகளில் உறுதியான துன்புறுத்தல், புறக்கணிப்பு முறைப்பாடுகள் தாதியர் செல்லாத வீடுகளைவிட 48 சதவீதம் குறைந்திருந்தன. கணவன் மனைவியை ஓயாது அடிக்கும் வீடுகளில் மட்டும் இப்பயன் மங்கிப்போயிற்று என்பதையும் மறைத்தலாகாது. அங்கே அன்பான சொல் போதாது. வேறு காவலும் வேண்டும்.

எல்மைராவின் கதையைப் படிக்கையில் நமக்கு ஒரு பெருமிதமும் எழுகின்றது. 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு நம்முடையது. அதன் வழிவந்த மருத்துவ மாது இன்றும் கர்ப்பிணியின் படலையைத் திறந்து வருகிறார். குழந்தை பிறந்த முதற் பத்து நாட்களுக்குள் இருமுறை வருதல் அவரது கடமை. குழந்தையின் நிறையைக் குறிப்பவர் தாயின் முகத்தையும் பார்க்கிறார். அடுப்பு எரிகிறதா, கணவன் குடிக்கிறானா என்பனவும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. அவர் வரும் நாளில் எம் வீட்டிலே முற்றம் சற்றுக் கூடுதலாகவே பெருக்கப்படும் என்பது வேறு கதை!

ஆனால் பிள்ளை வளர வளர அவ்வருகை அருகுகின்றது. ஐந்து வயதிற் பாடசாலை ஏற்றுக்கொள்கிறது. ஆசிரியராகிய நாமோ வாயிற் கதவோடு நின்றுவிடுகிறோம். முன்னாளிலே கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதனூடாக அயல்வீட்டுக்காரி நுழைந்து, காய்ச்சற்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். அவ்வழியே ஊர்வம்பும் நுழைந்ததுதான், இல்லையென்று சொல்லோம். இன்றோ வேலி மதிலாயிற்று. பத்திரிகை வாசிக்க மட்டும் திறக்கும் சனசமூக நிலையங்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தனித்துப் பிள்ளை வளர்ப்போருக்கென ஒதுக்கினால், கட்டடம் புதிதாக வேண்டியதில்லை. பணமும் அதிகம் வேண்டியதில்லை.

அம்மாணவனுக்கு வேண்டியிருந்ததும் மிகச் சிறிய உதவியே. அன்று மாலை அவன் தந்தையோடு அடுத்த வளவுக்குச் சென்றோம். அங்கே தனித்து வாழ்ந்த ஆச்சியிடம், இரவிலே பிள்ளைகள் இருவரும் வந்து படுக்கலாமா, காலையிற் சிறுமியைத் தகப்பன் வரும்வரை வைத்திருக்க இயலுமா என்று தயங்கியபடியே கேட்டோம்.

ஆச்சி எம்மைப் பார்க்கவில்லை, அத்தந்தையைத்தான் பார்த்தார். “இவ்வளவு நாளும் ஏன்ரா தம்பி எனக்குச் சொல்லேல்லை?” என்றார்.