உயிருள்ள கருவிக்கும் பசிக்கும்

டீயைக் குடி தம்பி, நிதானமாகப் பேசுவோம். சுவர் வளர்கிறது, கதவு மூச்சு விடுகிறது என்று கதையைத் தொடங்கியிருக்கிறாய். நல்ல கற்பனைதான். ஆனால் அந்த வீடு என்ன சாப்பிடுகிறது? அதைச் சொல்லாதவரை அது தோல் போர்த்திய இயந்திரம்தான்.

எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் வரும் ஜீனோ இயந்திர நாய், குட்டி போடாது. உயிருள்ள கருவியோ தின்னும், கழிவு விடும், நோயில் விழும், இனம் பெருக்கும். கதையின் முடிச்சு அங்கேதான் விழ வேண்டும்.

உன் வீட்டுக்குப் பதிலாக ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்காலில் நம் கோவில்பத்திலிருந்து அரசலாற்று முகத்துவாரம் தூரமில்லை. அங்கே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையைத் தடவிப் பார். விரலில் உப்பு ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பின் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடும். மீறி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மரத்தின் மரபணுவை நெல்லில் ஏற்றி, உப்பு தாங்கும் பயிருக்கான ஆய்வைச் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. ஆக, பாதிக் கதை ஆய்வுக்கூடத்தில் நடந்தாயிற்று.

மீதிக்கு ஒரே ஒரு கற்பனை போதும். ஒரு நிறுவனம் வெண்கண்டலை மாற்றியமைத்து, தானே வளர்ந்து தானே பழுது பார்த்துக்கொள்ளும் கடலரணாகப் புதுச்சேரியைச் சேர்ந்த நம் காரைக்காலில் நடுகிறது. மரம் என்றால் காய்க்குமல்லவா? விதை மிதந்து, வாஞ்சூர் எல்லை தாண்டி, நாகூர்ப் பக்கம் கரையேறி முளைக்கிறது. புதுச்சேரிக்காகச் செய்த அரண் தமிழ்நாட்டில் வளர்கிறது. அது யாருக்குச் சொந்தம்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய வங்காள விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தியின் வழக்கில், மனிதன் உருவாக்கிய நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. நம் நாட்டுச் சட்டப்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது. மாற்றியமைத்த நுண்ணுயிருக்குக் கிடைக்கும்.

அந்த இடைவெளியில் உன் கதையைக் கொண்டுபோய் வை. நிறுவனம் மரத்துக்கு உரிமை கேட்காது. தான் மாற்றியமைத்து வேரில் குடியேற்றிய பாக்டீரியாவுக்குக் கேட்கும். நாகூர்ப் பக்கத்து மீனவப் பெண் ஒருத்தியின் வீட்டை அந்தக் கன்றுகள்தான் அலையிலிருந்து காக்கின்றன. பிடுங்கச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. அவள் என்ன செய்வாள்?

வில்லனும் வேண்டாம், வெடிகுண்டும் வேண்டாம். அந்த மரத்தின் பசியையும் காய்ப்பையும் முதலில் முடிவு செய்துகொள். மனிதர்கள் எதற்காகச் சண்டை போடுவார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.