கதிர்ச் சிகிச்சையும் மறதியும்: மூளையின் மூலக் கலங்கள் பற்றிய ஒரு நோக்கு

மூளைக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுக் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலாய ஊர்களுக்கு மீளும் நோயாளர் சிலரிடத்தில், கட்டி அடங்கி மாதங்கள் சென்ற பின்னர் ஒருவகை மறதி தலைகாட்டுவதுண்டு. சற்று முன் சொல்லியனுப்பிய சாமானைக் கடைவாசலில் மறந்து நிற்கும் ஒருவர், இளமையில் மதரஸாவில் மனனஞ் செய்த சூறாக்களைப் பிழையற ஓதவுங் கூடும். இம்முரண்பாட்டைக் கண்டு, அவர் நடிக்கின்றார் என்போர் உளர். கண்ணூறு என்போரும் உளர். இவ்விரு விளக்கங்களும் நோயாளிக்கு அநீதி இழைப்பன. இம்மறதிக்கு உடற்றொழிலியற் காரணம் உண்டு. அதனையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

கதிர்ச் சிகிச்சையைக் ‘கரண்ட் பிடித்தல்’ என்று கூறுவாரும் உளராயினும், அதில் உடலினுள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. உயர்சக்தி எக்ஸ் கதிர்களோ, கோபாற்று-60 இலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களோ கலங்களின் டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. விரைந்து பிளவுபடும் கலங்கள் அம்முறிவைத் தாங்கமாட்டா. வளர்ந்தோரிடத்துத் தோன்றும் கொடிய கட்டியாகிய கிளையோபிளாஸ்ரோமாவுக்கு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 30 தவணைகளில் மொத்தம் 60 கிரே அளித்தல் வழக்கம். முதிர்ந்த நரம்புக் கலங்களோ பிளவுபடுவதில்லை. ஆதலின் மூளை கதிருக்கு எளிதில் அஞ்சாத உறுப்பென்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

இக்கருத்தை அசைத்தது, மூளையிலும் பிளவுபடும் கலங்கள் உண்டு என்னும் கண்டுபிடிப்பாகும். 1965 இல் ஜோசப் அல்ற்மன், கோபால் தாஸ் என்னும் இருவர், பிறந்த பின்னரும் எலியின் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் தோன்றுவதை அறிவித்தனர், நம்பியோர் சிலரே. 1998 இல் பீற்றர் எறிக்சனும் பிரெட் கேஜும் அவர்தம் குழுவினரும் மனிதரிடத்தும் இதனைக் காட்டினர். அவர்கள் ஆராய்ந்தவை, நாவடி, குரல்வளை, தொண்டைப் புற்றுநோயால் இறந்த ஐவரின் மூளைகள். கட்டியின் வளர்ச்சியை அறிய அந்நோயாளர்க்கு ஏற்றப்பட்ட குறியீட்டுப் பொருள், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிற் புதிதாய்ப் பிறந்த கலங்களிலும் காணப்பட்டது. மரணத்தின் வாசலிலும் மூளை புதுக்கலங்களைப் படைத்துக்கொண்டிருந்தது எனலாம். மனிதரிடத்து இவ்வாக்கம் எவ்வளவு என்பது பற்றி 2018 இல் எதிரெதிரான இரு ஆய்வுகள் வெளிவந்தன, விவாதம் ஓய்ந்துவிடவில்லை.

ஹிப்போகாம்பஸ் என்னும் கிரேக்கச் சொல் கடற்குதிரையைக் குறிப்பது. வடிவொப்புமையால் வந்த பெயர். புதிய நினைவுகள் இதன்வழியே உருவாகின்றன. நெடுநாட் பழகிய நினைவுகளோ பெரும்பாலும் மூளையின் புறணியில் நிலைபெற்றுவிடுகின்றன. சூறா நிலைத்திருக்கச் சாமானின் பெயர் நழுவுவதன் இரகசியம் இதுவே. பல வகைக் கலங்களாகவும் மாறவல்ல மூலக் கலங்களின் இருப்பிடமும் இப்பகுதியேயாம்.

2002 இல் மிஷெல் மொஞ்சேயும் தியோ பாமரும் உள்ளிட்ட ஆய்வாளர் எலிகளின் மூளைக்கு 10 கிரே கதிர் செலுத்திப் பார்த்தபோது, புதிய நரம்புக் கலங்களின் ஆக்கம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. எஞ்சிய மூலக் கலங்களும் நரம்புக் கலங்களாகாது, தாங்கு கலங்களாகவே மாறின. இதனினும் வியப்புக்குரியது பிறிதொன்று: கதிர்படாத நல்ல மூலக் கலங்களை அம்மூளையில் இட்டபோது, அவையும் நரம்புக் கலங்களாகவில்லை. உவரேறிய நிலத்தில் விதை நல்லதாயிருந்தும் பயனென்ன? அழற்சியே அவ்வுவர். அடுத்த ஆண்டு, அழற்சியைத் தணிக்கும் இந்தோமெதசின் மருந்தை எலிகளுக்கு ஊட்டியபோது கலவாக்கம் ஓரளவு மீண்டது. மறதி முழுவதையும் மூலக் கலங்களின் தலையிற் கட்டுதல் பொருந்தாது. வெண்சடப்பொருளின் சேதம், நுண்குருதிக் கலன்களின் பாதிப்பு, கட்டி, வலிப்பு மருந்து என்பனவும் இதிற் பங்குகொள்வன.

ஆய்வுகூட முடிபு வைத்தியசாலையையும் எட்டியது. பிற உறுப்புகளிலிருந்து பரவிய கட்டிகளுக்காக மூளை முழுவதற்கும் கதிர் செலுத்துகையில், ஹிப்போகாம்பஸை மாத்திரம் விலக்கும் முறை வகுக்கப்பட்டது. அவ்வாறு விலக்கியோரிடத்து நான்காம் மாதத்தில் நினைவாற்றற் குறைவு சராசரி 7 சதவீதம் என்றும், விலக்காத முன்னைய நோயாளரிடத்து அது 30 சதவீதம் என்றும் 2014 இல் வெளியான ஆய்வு கூறியது. 2020 இல் 518 நோயாளரைக் கொண்ட ஒப்பீட்டாய்வும், ஆயுளிற் குறைவின்றி அறிவாற்றற் சேதம் குறைவதை உறுதிசெய்தது. கட்டி அப்பகுதியை அண்டியிருப்பின் இம்முறை ஒவ்வாது. கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றவல்ல நேர்கோட்டு ஆர்முடுக்கியும், நுணுக்கமான எம்.ஆர்.ஐ. படமும் இதற்கு வேண்டும். பழைய கோபாற்று இயந்திரத்தால் இது கைகூடாது. ஆதலின் எவ்வியந்திரம் எவ்வூரில் உள்ளது என்னும் கேள்வி, யாருடைய நினைவு காக்கப்படும் என்னும் கேள்வியாகவும் ஆகின்றது. மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ ஆறு வாரம் அலையும் குடும்பத்தினர், ஹிப்போகாம்பஸை விலக்க இயலுமா என்று வைத்தியரிடம் கேட்பதற்கு உரிமையுடையோர்.

தமிழ்ச் சங்கத்தார்க்கு இதில் ஒரு பணி உண்டு. மேற்கூறிய இரு ஆய்வுகளிலும் நினைவாற்றல் அளக்கப்பட்டது, மூவகைப் பொருட்களைக் குறிக்கும் பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டி, ஏறத்தாழ இருபது நிமிடங்களின் பின்னர் நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்யும் பரீட்சையினாலாகும். ஆங்கிலப் பட்டியலை அகராதிகொண்டு பெயர்த்தால், நோயாளி மறந்தாரா, அச்சொல்லையே அறியாரா என்று துணிய முடியாது. கீரி, சூரை, பாரை, நெத்தலி என்று சொன்னால் கல்முனைக் கரைவலைக்காரர்க்கு அவை மீன்கள். கீரி என்ற மாத்திரத்தில் வேறொரு பிராணியை எண்ணும் தமிழரும் உளர். சிகிச்சை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் சிலமுறையும் கேட்கத்தக்க, இக்கரையோரத்தின் வழக்குக்கு இசைந்த சொற்பட்டியல்களை மொழியறிஞரும் வைத்தியரும் கூடியிருந்தே தொகுத்தல் வேண்டும்.