மின்னசோட்டாவின் இஎம்ஐ முடிஞ்சுது: சிமுலேஷன் லீக்கில் 2026-27 சீசன் எப்படி இருக்கும்?

ஹாக்கின்னதும் நம்ம ஊர் புல்தரை ஹாக்கின்னு நினைச்சுடாதீங்க. இது ஐஸ் ஹாக்கி. அதுவும் கம்ப்யூட்டர் சிமுலேஷன் லீக். அமெரிக்கா, கனடாவில் நடக்கும் என்ஹெச்எல் தொடரின் நிஜ அணிகள், நிஜ வீரர்கள், நிஜ ஒப்பந்தங்கள் எல்லாம் உள்ளே இருக்கும். நண்பர்கள் ஆளுக்கு ஒரு அணியை எடுத்து ஜெனரல் மேனேஜர் வேலை பார்ப்போம். மேட்சை மென்பொருள் ஆடிக்கும். யாரை வாங்கறது, யாரை விக்கறது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை வருஷம், இது மட்டும்தான் நம்ம கையில்.

நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது ஞாபகம் இருக்கட்டும். இது சும்மா பொழுதுபோக்கு.

என் அணி மின்னசோட்டா வைல்டு. 2026 ஜனவரி நிலவரப்படி வீரர் பட்டியலை ஏற்றி, 2026-27 சீசனுக்குத் தயாராகிறோம். "இதெல்லாம் பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல எதுக்கு சார்?" என்று கேட்பீர்கள். இந்த அணியோட பட்ஜெட்டைப் பார்த்தா, உங்க சம்பள அக்கவுன்ட்டைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான்.

பழைய கடன் எங்கிருந்து வந்தது?

என்ஹெச்எல்-இல் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஓனர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரரா இருந்தாலும் அதைத் தாண்டிச் செலவு செய்ய முடியாது. சிமுலேஷனிலும் அதே விதிதான். 2024-25இல் அந்த வரம்பு 8.8 கோடி டாலர். எளிமைக்காக மூணு சைபரை வெட்டிட்டு, டாலரை ரூபாயாக்கிக்குங்க. மாசம் 88,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருத்தர். இனி எல்லாத் தொகையையும் இந்தக் கணக்கிலேயே சொல்றேன்.

2012 ஜூலை 4 அன்று மின்னசோட்டா இரண்டு நட்சத்திரங்களை ஒரே நாளில் ஒப்பந்தம் செய்தது. ஸாக் பரீஸே, ரயன் சூட்டர். ஆளுக்கு 13 வருஷம், 9.8 கோடி டாலர். 2021 ஜூலையில் ஜெனரல் மேனேஜர் பில் கெரின் இருவரையும் 'பைஅவுட்' முறையில் அனுப்பிவிட்டார். ஆள் போயாச்சு. ஆனா அவங்க பேரில் உள்ள தொகை பட்ஜெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். இதைத்தான் 'டெட் கேப்' என்பார்கள்.

அந்தத் தொகை எப்படி வந்ததுன்னு பாருங்க. முதல் வருஷம் சுமார் 4,700. இருவரும் அணியில் இருந்திருந்தா சுமார் 15,000 ஆகியிருக்கும். அதனால முதல் வருஷம் மூச்சு விட முடிஞ்சுது. அடுத்த வருஷம் 12,700. அதுக்கப்புறம் 2023-24, 2024-25 இரண்டு வருஷமும் 14,700. கிரெடிட் கார்டு பாக்கியை இஎம்ஐயா மாத்தினா முதல் மாசம் நிம்மதியா இருக்கும், அப்புறம் கழுத்தைப் பிடிக்கும் இல்லையா? அதே கதைதான்.

88,000 சம்பளத்தில் 14,700 போனா கிட்டத்தட்ட 17 சதவீதம். பனியில் இறங்கவே இறங்காத இரண்டு பேருக்காக. மத்த அணிகள் 88,000 வச்சு ஆடும்போது மின்னசோட்டா 73,300 வச்சு ஆடியது. 2015க்குப் பிறகு 2025 வரை பிளேஆஃபில் ஒரு சுற்றுகூட இந்த அணி தாண்டவில்லை. அதுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். 2021க்கு முன்னாடியும் அவங்க தாண்டலை. ஆனா கடைசி வருஷங்களில் இதுவும் ஒரு காரணம்.

இப்ப கையில் எவ்வளவு?

2025-26இலிருந்து அந்த 14,700 வெறும் 1,670 ஆகிவிட்டது. 2028-29 வரை இந்த வால் மட்டும் ஓடும். இன்னொரு பக்கம் சம்பளமும் ஏறியது. வரம்பு 2025-26இல் 95,500. 2026-27க்கு லீக் முன்கூட்டியே அறிவித்த மதிப்பீடு 1,04,000.

2024-25இல் கையில் 73,300. 2026-27இல் 1,02,300. இரண்டே வருஷத்தில் 29,000 கூடுதல். அதில் 16,000 இன்க்ரிமென்ட். 13,000 இஎம்ஐ குறைந்ததால் வந்தது.

அந்த 29,000 எங்கே போச்சு? நாலு பேரைப் பார்த்தாலே போதும்.

• கிரில் கப்ரிசோவ்: 9,000இலிருந்து 17,000. கூடுதல் 8,000.
• குவின் ஹியூஸ்: 2025 டிசம்பரில் வான்கூவரிலிருந்து வந்தார். 7,850.
• ப்ராக் ஃபேபர்: முதல் ஒப்பந்தத்தில் 925. இப்போ 8,500. கூடுதல் 7,575.
• கோல்கீப்பர் ஃபிலிப் குஸ்டாவ்சன்: 3,750இலிருந்து 6,800. கூடுதல் 3,050.

மொத்தம் சுமார் 26,500. அதாவது கூடுதலா வந்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு நாலு பேரிடம் போயாச்சு. சம்பளம் ஏறியும் மாசக் கடைசியில் "எங்கடா போச்சு பணம்"னு தேடறோமே, அதே நிலைமை.

ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. கப்ரிசோவின் 17,000 என்பது 1,04,000இல் சுமார் 16 சதவீதம். அன்னைக்கு ஆளில்லாத இரண்டு பேருக்குப் போன அதே பங்கு, இன்னைக்குக் களத்தில் நிற்கும் ஒருத்தருக்குப் போகுது. செலவு விகிதம் மாறலை. செலவு பண்ணின பொருள் மாறிடுச்சு. இஎம்ஐ முடிஞ்சவங்க எல்லாரும் கேட்டுக்க வேண்டிய கேள்வி இதுதான்: விடுபட்ட பணம் எதுக்குள்ள போச்சு?

அப்போ, சீசன் எப்படி இருக்கும்?

பலம்: தற்காப்பு வரிசை. ஹியூஸ் 2024இல் என்ஹெச்எல்-இன் சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கியவர். அவருடன் ஃபேபர், யோனாஸ் ப்ரோடீன், ஜேரட் ஸ்பர்ஜன். முன்வரிசையில் கப்ரிசோவும், 7,000இல் 2029-30 வரை கட்டிப்போட்ட மேட் போல்டியும். போல்டி ஒப்பந்தம் பழைய விலையில் போட்ட நல்ல முதலீடு. இன்னைக்கு அந்த விலைக்குக் கிடைக்க மாட்டார்.

பலவீனம்: சென்டர் இடம். ஹியூஸை வாங்கக் கொடுத்தது மார்கோ ராசி, ஸீவ் புயம், லியம் ஓக்ரென், கூடவே 2026 முதல் சுற்றுத் தேர்வு. ராசி சென்டர் வீரர். இப்போ யோயல் எரிக்சன் எக்குக்கு அடுத்து நம்பிக்கையான ஆள் குறைவு. வருங்காலத்துக்கு வச்சிருந்த சேமிப்பில் பெரும் பகுதியும் காலி.

இன்னொரு சிக்கல், மத்தியப் பிரிவு. கொலராடோவும் டல்லாஸும் இதே பிரிவில்தான். பிரிவில் இரண்டாவது, மூன்றாவது வரும் அணிகள் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மோத வேண்டும். நல்லா ஆடினதுக்குப் பரிசா கஷ்டமான எதிரி கிடைக்கும்.

என் கணிப்பு: 84 ஆட்ட சீசனில் பிளேஆஃப் தகுதி கிடைச்சுடும். முதல் சுற்று ஐம்பதுக்கு ஐம்பது. கோப்பை எட்டும் தூரத்தில் இருக்கு, ஆனா முதல் வாய்ப்பு நமக்கு இல்லை.

சிமுலேஷனில் ஒரு நல்ல பாடம் கிடைக்கும். அதே வீரர்களை வச்சு அதே சீசனைப் பத்து தடவை ஓட்டினா பத்து விதமா முடிவு வரும். கோல்கீப்பருக்கு ஒரு காயம் போதும், எல்லாம் தலைகீழ். அதனால ஒரு வருஷ ரிசல்ட்டை வச்சு முடிவு சரியா தப்பான்னு சொல்லக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டில் ஒரு வருஷ ரிட்டர்ன் பார்த்து எஸ்ஐபி-யை நிறுத்துறவங்களுக்கும் இதேதான்.

இந்த வருஷம் நான் செய்யாத ஒரு விஷயம்

நண்பர்கள் எல்லாரும் சொல்றது, "ஒரு பெரிய சென்டரை ஆறு வருஷ ஒப்பந்தத்தில் எடு, கோப்பை உனக்குத்தான்." எடுக்க மாட்டேன்.

காரணம், ஹியூஸின் ஒப்பந்தம் 2026-27உடன் முடியுது. அவரைத் தக்க வைக்க இப்போதைய 7,850 போதவே போதாது. ஆனா பணம் எங்கிருந்து வரும்னு இப்பவே தெரியும். ஸ்பர்ஜனின் 7,575 ஒப்பந்தமும் அதே நேரத்தில் முடியுது. 2027-28க்கு அறிவித்த வரம்பு 1,13,500, அதாவது 9,500 கூடுதல். ஹியூஸின் 7,850ஐயும் சேர்த்தா மொத்தம் சுமார் 25,000. இந்தப் பணத்துக்கு ஏற்கனவே பெயர் எழுதியாச்சு. இதை நம்பி இன்னொரு நீண்ட ஒப்பந்தம் போட்டா, 2012 கதை மறுபடியும் ஆரம்பம். சென்டர் வேணும்தான். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுப்பேன்.

உங்க அக்கவுன்ட்டுக்கு வருவோம்

பைக் லோன், பர்சனல் லோன், படிப்புக் கடன், ஏதோ ஒண்ணு இந்த வருஷம் முடியுதா? மூணு வேலை செய்யுங்க.

1. கடைசி இஎம்ஐ போகும் தேதியைக் குறிச்சு வைங்க. அடுத்த மாசம் அதே தேதியில் அதே தொகை வேற எங்கேயாவது தானாகப் போகிற மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணுங்க. அவசர நிதி இல்லைன்னா முதலில் அதுக்கு. இருந்தா எஸ்ஐபி-க்கு.

2. அடுத்த இரண்டு வருஷத்தில் வரப்போகும் பெரிய செலவைப் பெயர் போட்டு எழுதுங்க. தங்கச்சி கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், எதுவானாலும் சரி. அதுதான் உங்க ஹியூஸ்.

3. இன்னும் கைக்கு வராத இன்க்ரிமென்ட்டை நம்பி இன்னைக்கே ஐந்து வருஷக் கடனில் கையெழுத்துப் போடாதீங்க.

மாசம் 14,700 ரூபாயை 10 வருஷம் போட்டா, நீங்க கட்டுவது 17.64 லட்சம். வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் சுமார் 30 லட்சம் இருக்கும். அந்த 10 சதவீதம் உத்தரவாதம் இல்லை, கணக்குக்காக வச்சது. சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும். ஆனா பத்து வருஷமா கட்டிப் பழகின கைக்கு அதே தொகையைச் சேமிக்கிறது புதுசா கத்துக்க வேண்டிய வேலை இல்லை. பழக்கம் ஏற்கனவே இருக்கு, போகிற இடத்தை மட்டும் மாத்தணும்.

இந்த மாசம் உங்க லோன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து கடைசி தவணைத் தேதியைப் பாருங்க. முழுக் கணக்கையும் எக்செல் ஷீட்டில் போட்டு அடுத்த வீடியோவில் காட்டறேன்.