தாடி வைத்த நாய்!

நாய் தாடி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதுவும் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே!

கல்வராயனில் அப்படி ஒரு விசித்திரப் பிராணியா என்று பயந்துவிடாதீர்கள். தாடி வைத்திருந்தது அமெரிக்க நாய். 1925-ம் வருஷம் வெளியான ஓர் ஊமைப் படத்தின் கதாநாயகன்!

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, மலை மேல் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். விளக்கு வைத்த பிறகு குழந்தைகள் என் செல்போனை விடுவதாக இல்லை. "சண்டைப் படம் போடுங்க!" என்று ஒரே நச்சரிப்பு. சண்டையும் இருக்க வேண்டும், குழந்தைகள் பார்க்கத் தகாதது எதுவும் இருக்கவும் கூடாது. உங்களுக்குத் தெரியாத கஷ்டமா? நல்ல வேளையாக, முன்பே சேமித்து வைத்திருந்த 'கிளாஷ் ஆப் தி உல்வ்ஸ்' நினைவுக்கு வந்தது. 'ஓநாய்களின் மோதல்' என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேச்சில்லாத படம், நடுநடுவே இங்கிலீஷில் எழுத்துக்கள் வரும். திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார் அல்லவா? அந்த ஊமைப் பட நாட்களில், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு ஜனங்களுக்குக் கதையை விளக்குவது வழக்கம். அன்று அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது!

காட்டில் தீப்பிடிக்கிறது. ஓநாய்க் கூட்டம் ஒன்று பாலைவனத்து ஓரப் பண்ணைகளுக்கு இறங்கி வந்து மாடுகளை அடிக்கிறது. கூட்டத்தின் தலைவன் லோபோ. பண்ணைக்காரர்கள் அவன் தலைக்கு விலை வைக்கிறார்கள்.

"இதுவா ஓநாய்?" என்றார் வீட்டுப் பாட்டி. அதுவரை படத்தைப் பார்க்காத பாவனையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தவர். "கண்ணைப் பாரு கண்ணு. வீட்டு நாயி அது."

பாட்டியை ஏமாற்ற முடியவில்லை. லோபோவாக நடித்த ரின்டின்டின் வீட்டு நாயேதான். ஜெர்மன் ஷெப்பர்ட் ஜாதி. யுத்தத்தில் அகப்பட்ட அனாதை என்றும் சொல்லலாம். முதல் உலக யுத்தம் முடியும் சமயம், 1918 செப்டம்பரில், பிரான்சில் பிளிரே என்ற கிராமத்தருகே குண்டு விழுந்து நாசமான நாய்க் கொட்டடி ஒன்றில், ஒரு தாய் நாயும் கண் திறவாத குட்டிகளும் கிடந்தன. அவற்றைக் கண்டெடுத்தவர் லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய். இரண்டு குட்டிகளைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். அப்போது பிரெஞ்சுக் குழந்தைகள் சிப்பாய்களுக்கு அதிர்ஷ்டத்துக்காக நூல் பொம்மை ஜோடி ஒன்றைக் கொடுப்பார்கள். ரின்டின்டின், நானெட் என்பவை அந்தப் பொம்மைகளின் பெயர்கள். அவற்றையே குட்டிகளுக்கும் வைத்தார். பாவம், பெண் குட்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் நிமோனியா கண்டு இறந்துவிட்டது. மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்று 1922-ல் ஒரு நாய்க் காட்சியில் ஏறக்குறைய 12 அடி உயரம் தாண்டிற்று! சினிமாக் காமிரா அதைப் படம் பிடித்தது. மறு வருஷமே வார்னர் சகோதரர்களின் படத்தில் கதாநாயகன். அப்போது சிறிய கம்பெனியாக இருந்த வார்னரை நிமிர்த்தி நிறுத்தியதில் இந்த நாய்க்கு நல்ல பங்கு உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், தாண்டுவதும் பாய்வதும் பெரிதல்ல, நொண்டுவதுதான் பெரிது. துரத்தலில் லோபோவின் காலில் கள்ளிமுள் ஏறிவிடுகிறது. அடிபட்ட ஓநாயை அதன் கூட்டமே கொன்றுவிடும் என்கிறது கதை. ஆகவே லோபோ ஒருவருக்கும் தெரியாமல் தனியே சாகப் போகிறது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நின்று, நடந்து, மறுபடி நின்று... எந்த நடிகர் இப்படி நடித்துவிடுவார்!

பாட்டியின் கை நின்றுவிட்டது.

"எங்க கறுப்பனும் இப்படித்தான் போனான். நோவு வந்ததும் வீட்டுல படுக்கல. மூணாம் நாளு மரவள்ளிக் கொல்லையில கிடந்தான். எங்களுக்குப் பாரம் வேணாம்னு நெனச்சானோ என்னமோ."

கதை விளக்க வந்த எனக்குப் பேச்சு எழவில்லை. நல்ல வேளை, திரையில் டேவ் வந்து சேர்ந்தான். வெண்காரம் தேடிப் பாலைவனத்தில் அலையும் வாலிபன். "முள்ள எடுக்கச் சொல்லு கண்ணு, பார்த்துக்கிட்டே நிக்கிறானே!" என்று பாட்டி அதட்டினார். எடுத்தான். அதிலிருந்து லோபோ அவனை விட்டு நகருவதில்லை.

டேவ் ஊருக்குள் போக வேண்டும். லோபோவும் கூடவே வரும். தலைக்கு விலை இருக்கிறதே! அதற்காகத்தான் மாறுவேஷம்: மோவாயில் தாடி, கால்களில் பூட்ஸ். சுத்த அசட்டு ஹாஸ்யம். நாய்க்கே வெட்கமாக இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். குழந்தைகளோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் சிரிப்பு இல்லை. டேவின் சுரங்க உரிமையைப் பறிக்க வில்லன் அவனைத் தாக்குகிறான். பாலைவனத்தில் அடிபட்டுக் கிடப்பவனின் செய்தியை எடுத்துக்கொண்டு, தன்னைச் சுடத் துப்பாக்கியோடு காத்திருக்கும் ஊருக்கே லோபோ ஓடுகிறது. போய்ச் சேர்ந்ததா? அதை நான் சொல்லிவிட்டால் நீங்கள் பார்க்க வேண்டாமா? தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு பிரதியால் பிழைத்த படம் இது. 2003-ல் அமெரிக்கா தன் பாதுகாக்கத் தக்க படங்களின் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது.

படம் முடிந்ததும் பாட்டி கேட்டார்: "இந்த நாயி இப்ப இருக்கா?"

"இல்லை பாட்டி. 1932-லேயே போய்விட்டது."

"எங்க போச்சு? தனியாவா?"

"இல்லை. வளர்த்தவர் வீட்டிலேயேதான்."

பாட்டி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு புளி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அந்தத் தாடியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க!" என்றது கடைக்குட்டி.